எங்கே போகிறது அந்த ஒரு வோல்ட்?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறைகளுக்கு ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். “அண்ணே, பேட்டரி புதுசு. போட்டு ஆறு மாசம்கூட ஆகல. காலையில செல்ஃப் இழுத்து இழுத்துச் சுத்துது. ராத்திரி ஹெட்லைட் மங்கலா எரியுது.” வண்டி பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய டீசல் பிக்கப்பாக இருக்கும். பட்டறையில் அடுத்து நடப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். டைனமோ என்று அழைக்கும் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவார்கள், கார்பன் மாற்றுவார்கள், கட் அவுட் என்னும் ரெகுலேட்டரை மாற்றுவார்கள், “எதுக்கும் பேட்டரியையும் பாத்துக்குங்க” என்று சொல்லி அனுப்புவார்கள். ஒரு மாதம் கழித்து அதே வண்டி அதே புகாருடன் வந்து நிற்கும்.

ஐ.டி.ஐ. முடித்துப் பட்டறைக்குள் காலெடுத்து வைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இத்தனை வயதான வண்டியில் ஆல்டர்னேட்டர் குற்றவாளியாக இருப்பதைவிட, அது கொடுக்கும் வோல்ட் பேட்டரிக்குப் போய்ச் சேராமல் இருப்பதே அதிகம். கேபிளில், லக்கில், எர்த் பட்டையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்து போகிறது. அது எங்கே தொலைகிறது என்று மீட்டரை வைத்துக் காட்டத் தெரிந்தவரைத்தான் இந்த ஊர் வண்டி உரிமையாளர்கள் தேடி வருவார்கள். ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன் நான்கு அளவு எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மற்றது எல்லாம் பின்னால் வரும்.

இங்கே இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் அச்சகச் சரக்கு கிளம்ப ஆரம்பிக்கும். பட்டாசுச் சரக்கு ஐப்பசி வரை இரவு பகல் பார்க்காமல் லாரி ஷெட்டுக்குப் போகும். சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டிப் பண்டல், ராஜபாளையத்தில் நூல், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, விருதுநகர் சந்தையில் மல்லி, வத்தல், பருப்பு என்று வருடம் முழுக்கப் பிக்கப்புக்கு வாடகை உண்டு. ஆனால் இந்த ஓட்டமே பேட்டரிக்குப் பகை. கிடங்கு வாசலில் நின்றுகொண்டே என்ஜினை ஐடிலில் விடுவது, சரக்கு ஏறும்வரை விளக்கும் பாட்டும் ஓடுவது, பிறகு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டம், மறுபடி செல்ஃப். சார்ஜ் ஏறக் கிடைக்கும் நேரமே குறைவு. அந்தக் குறைந்த நேரத்திலும் ஒரு வோல்ட் வழியில் தொலைந்தால் பேட்டரி எப்படி நிமிரும்?

மீட்டரைத் தொடுமுன்

சரக்கு ஏறிய வண்டியில் பேட்டரி வேலை பார்க்காதீர்கள். பட்டாசோ, தீப்பெட்டியோ, அட்டைப் பெட்டியோ, வண்டியில் இருப்பதை இறக்கிவிட்டு, கிடங்கையும் ஆலையையும் விட்டு வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். “அவசரம் தம்பி, இங்கேயே பாத்துருங்க” என்று வண்டி உரிமையாளர் அண்ணாச்சி கேட்பார். மறுத்துவிடுங்கள். 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் ஒரு பட்டாசுக் கிடங்கில், வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த வேளையில் பற்றிய தீ, பக்கத்து ஸ்கேன் மையத்தில் இருந்தவர்களின் உயிரையும் கொண்டுபோனது. அந்த விபத்துக்கு வண்டியின் வயரிங் காரணம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் ஒரு சின்னப் பொறி போய்ச் சேரக்கூடிய தூரத்தைச் சொல்கிறேன். பேட்டரி டெர்மினலைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் பொறி பறப்பது சாதாரணம்.

பேட்டரிக்கு உள்ளேயும் ஆபத்து உண்டு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். பீடி சிகரெட் கிட்டே வரக்கூடாது. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வையுங்கள்.

வெடிபொருள் ஏற்றுவதற்கென்று உரிமம் வாங்கிய வேன் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்கும் உட்பட்ட வண்டி அது. அதன் அமைப்புக்குத் தனி வரையறை உண்டு. பழுதான இடத்தை முன்பு இருந்தபடியே சரிசெய்யலாம். கூடுதலாக ஒரு விளக்கு, ஒரு பிளக் என்று நீங்களாக ஒரு கம்பிகூடச் சேர்க்காதீர்கள். உரிமத்தோடு வந்த வரைபடம் உரிமையாளரிடம் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் பட்டறையை விட்டே விரட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, “வண்டி நிக்கல, அப்ப டைனமோ நல்லா இருக்கு” என்று தீர்ப்புச் சொல்வது. பேட்டரி இணைப்பு திடீரென்று அறுந்தால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு நொடிக்குள் பல மடங்கு எகிறும். டயோடு, கட் அவுட், வண்டியில் இருக்கும் எலக்ட்ரானிக் பாகங்கள் எல்லாம் அதில் அடிவாங்கும். டீசல் என்ஜினோ மின்சாரமே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆகவே அந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதும் இல்லை.

முதல் நான்கு அளவுகள்

டிரைவரிடம் கேட்பதில் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். பேட்டரி எப்போது போட்டது? டேஷ்போர்டில் சார்ஜிங் லைட் சாவி போட்டதும் எரிகிறதா, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா? கூடுதல் விளக்கு, ஹார்ன், ஆம்ப்ளிஃபையர் ஏதாவது மாட்டியிருக்கிறதா? அண்மையில் கிளட்ச் வேலையோ கியர்பாக்ஸ் வேலையோ நடந்ததா? கடைசிக் கேள்வி முக்கியம். கியர்பாக்ஸை இறக்கும்போது எர்த் பட்டையைக் கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது அது பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கும், அல்லது மாட்டாமலே விட்டிருப்பார்கள்.

பிறகு பெல்ட். தளர்ந்திருக்கிறதா, உட்பக்கம் கண்ணாடி போல மழுங்கியிருக்கிறதா, ஆயில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வழுக்கும் பெல்ட்டோடு மற்ற அளவுகளை எடுத்துப் பயனில்லை.

இப்போது மீட்டர். டி.சி. 20 வோல்ட் நிலை.

முதல் அளவு, ஓய்வில் பேட்டரி. வண்டி ராத்திரி முழுக்க நின்றிருந்தால் நேராக அளக்கலாம். இப்போதுதான் ஓடி வந்தது என்றால் ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளவெடுங்கள். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம்.

இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. பேட்டரி போஸ்டிலேயே மீட்டரை வைத்துக்கொண்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல சார்ஜ் உள்ள பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பேட்டரியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இறங்காமல் 10.5, 11 என்று நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் மெதுவாகத்தான் சுற்றுகிறது என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பேட்டரியிடம் சக்தி இருக்கிறது, அது செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது, ஓடும்போது பேட்டரி போஸ்டில். ஆக்சிலேட்டரை ஐடிலுக்கு மேலே, சுமார் 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம். வரை பிடிக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் ஓடட்டும். கரண்ட் ஓடாமல் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. லோடு போடாமல் அளந்துவிட்டு “14 வருது, எல்லாம் சரி” என்று சொல்வதில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நிம்மதி.

நான்காவது, அதே ஆர்.பி.எம்., அதே லோடு, ஆனால் ஆல்டர்னேட்டரிலேயே. சிவப்புப் புரோபை அதன் பி பிளஸ் ஸ்டடில் வையுங்கள், கறுப்பை அதன் உடம்பில் சுத்தமான உலோகம் தெரியும் இடத்தில். விசிறியும் பெல்ட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், சட்டைக் கையும் புரோப் வயரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதையும் நான்காவதையும் ஒப்பிடுங்கள். இரண்டு இடத்திலும் 13-க்குக் கீழ் என்றால் ஆல்டர்னேட்டர், கட் அவுட், பெல்ட் என்று பார்க்க வேண்டியதுதான். ஆல்டர்னேட்டரில் 14.3, பேட்டரியில் 13.1 என்றால், டைனமோ தன் வேலையைச் செய்துவிட்டது. 1.2 வோல்ட் நடுவழியில் காணாமல் போயிருக்கிறது. இந்த 13.1 ஏமாற்றக்கூடிய எண். சார்ஜிங் லைட் அணைந்திருக்கும், வண்டி ஓடும், பேட்டரி மட்டும் ஒருபோதும் நிறையாது. பாதி வயிறோடு கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. புதுப் பேட்டரி ஆறே மாதத்தில் போவதற்கு இதுவே பெரிய காரணம். மாற்றப்பட்ட பேட்டரிமேல் குற்றம் இல்லை, அதன் இடத்துக்கு வரும் பேட்டரிக்கும் அதே கதிதான்.

இறக்கத்தைத் துரத்துவது

தொலைந்த 1.2 வோல்ட்டை இரண்டாகப் பிரிக்கலாம், ஏனென்றால் வழிகளே இரண்டுதான்: போகும் வழி, திரும்பும் வழி. சிவப்பு பி பிளஸ் ஸ்டடில், கறுப்பு பேட்டரியின் பாசிட்டிவ் போஸ்டில். கிளாம்பில் வைக்காதீர்கள், ஈயப் போஸ்டிலேயே வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.3-ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். அடுத்து, ஒரு புரோப் ஆல்டர்னேட்டர் உடம்பில், இன்னொன்று பேட்டரியின் நெகட்டிவ் போஸ்டில். இங்கே 0.2-க்கு மேல் போகக் கூடாது. மீட்டரில் மைனஸ் வந்தால் பதறவேண்டாம், புரோப் திசை மாறியிருக்கிறது, எண்ணைப் பார்த்தால் போதும்.

நம் உதாரண வண்டியில் போகும் வழியில் 0.35, திரும்பும் வழியில் 0.85 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1.2, கணக்கு நேராகிறது. கணக்கு நேராகாவிட்டால் ஏதோ ஒரு அளவை வேறு ஆர்.பி.எம்.மில் எடுத்துவிட்டீர்கள், மறுபடி எடுங்கள். பெரும் பங்கு எர்த்தில் போகிறது, ஆகவே அங்கே தொடங்குவோம். நெகட்டிவ் கேபிள் எங்கே போய் முடிகிறது என்று கண்ணால் தொடர்ந்து பாருங்கள். சில வண்டியில் நேராக என்ஜினுக்குப் போகும். சிலவற்றில் சேசிஸுக்குப் போய், அங்கிருந்து ஒரு பின்னல் பட்டை என்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும். என்ஜின் ரப்பர் மவுன்டிங்மேல் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பட்டைதான் இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரே நேர்மையான மின்பாதை.

படிப்படியாக நகருங்கள். ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து என்ஜின் பிளாக் வரை 0.05. பிளாக்கிலிருந்து சேசிஸ் வரை 0.70. சேசிஸிலிருந்து நெகட்டிவ் போஸ்ட் வரை 0.10. கள்ளன் பிடிபட்டான். கீழே படுத்துப் பார்த்தால் பட்டையின் இழைகள் பச்சை பூத்து, போல்ட் துருவேறி, கரிசல் புழுதியும் ஆயிலும் கலந்த சேற்றில் பட்டை மூழ்கியிருக்கும்.

அந்த 0.70 வோல்ட்டை அலட்சியம் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியர் கொடுக்கிறது என்று கிளாம்ப் மீட்டர் காட்டினால், அந்தப் பட்டையின் தடை 17.5 மில்லி ஓம். 28 வாட் வெறும் சூடாகப் போகிறது. இப்போது செல்ஃபை நினைத்துப் பாருங்கள். டீசல் என்ஜினைச் சுற்ற 200 ஆம்பியரும் அதற்கு மேலும் வேண்டும், அதுவும் இதே பட்டை வழியாகத்தான் திரும்புகிறது. 200 ஆம்பியருக்கு அந்தத் தடையில் 3.5 வோல்ட் தொலையும். காலையில் செல்ஃப் இழுப்பதும் ராத்திரி லைட் மங்குவதும் பேட்டரி சாவதும் மூன்று நோயாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். செல்ஃப் அடிக்கும்போது செல்ஃப் உடம்புக்கும் நெகட்டிவ் போஸ்டுக்கும் நடுவில் அளந்து பாருங்கள், அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது என்பது உறுதி. எர்த் ரொம்பவே கெட்ட வண்டியில் ஆக்சிலேட்டர் கேபிளும் ஸ்பீடாமீட்டர் கேபிளும் சூடாவதைக் காணலாம். கரண்ட் கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கிறது.

ஓம் நிலையில் வைத்து அளந்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. சாதாரண மீட்டரின் புரோப் வயருக்கே அந்தப் பட்டையின் தடையைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடை இருக்கும். அதோடு, ஓம் நிலையில் மீட்டர் அனுப்பும் கரண்ட் மிக மிகக் குறைவு. பட்டையில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் “பீப்” என்று சத்தம் கொடுத்து நல்லது என்று சொல்லிவிடும். கரண்ட் ஓடும்போது எடுக்கும் வோல்ட் இறக்கம்தான் உண்மையைச் சொல்லும்.

பாசிட்டிவ் பக்கத்து 0.35-ஐயும் இதே போலத் துண்டு துண்டாகப் பாருங்கள்: ஸ்டடுக்கும் லக்குக்கும் நடுவில், லக்குக்கும் கேபிளுக்கும் நடுவில், ஃபியூஸ் லிங்கின் இரு பக்கமும், கடைசியில் கிளாம்புக்கும் போஸ்டுக்கும் நடுவில். போஸ்டும் கிளாம்பும் வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே கறுத்திருப்பது அடிக்கடி நடக்கும். அதனால்தான் போஸ்டிலேயே புரோபை வைக்கச் சொன்னேன்.

சார்ஜ் குறைவதற்குப் பதிலாகக் கூடுவதற்கும் வோல்ட் இறக்கமே காரணமாகலாம், இது பலருக்குத் தெரியாது. சில ஆல்டர்னேட்டர்களில் பேட்டரியின் வோல்ட்டை உணர்ந்து கட் அவுட்டுக்குச் சொல்ல ஒரு மெல்லிய சென்ஸ் வயர் தனியாக வரும். அந்த வயரில் அரை வோல்ட் இறங்கினால், பேட்டரியில் 14.2 இருக்கும்போது கட் அவுட் 13.7 என்று நம்பி இன்னும் தள்ளும். பேட்டரியின் வோல்ட் அளவுக்கு மேல் ஏறும், தண்ணீர் கொதித்துக் குறையும். “வாரம் ஒருதடவை டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறேன்” என்று டிரைவர் சொன்னால், கட் அவுட்டைக் கழற்றுமுன் அந்த மெல்லிய வயரைச் சோதியுங்கள். சாவி சுவிட்ச் வழியாக அது வந்தால் சுவிட்சின் உள்ளே தேய்ந்த காண்டாக்ட் காரணமாக இருக்கும்.

சார்ஜிங் லைட்டின் பல்பையும் பாருங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் அந்தப் பல்ப் வழியாக வரும் சிறு கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. பல்ப் ஃபியூஸ் போனால் என்ஜினை நன்றாக ரெய்ஸ் செய்யும்வரை சார்ஜே ஏறாமல் இருக்கலாம்.

ஆல்டர்னேட்டரே கெட்டிருந்தால்

அதுவும் நடக்கும். மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, என்ஜின் ஓட, லோடோடு பேட்டரி போஸ்டில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் ஏ.சி. தெரிந்தால் டயோடு பிளேட் போயிருக்கிறது. டயோடு போனால் நின்ற வண்டியிலும் பேட்டரி வடியும். எல்லாம் அணைத்த பிறகு 50 மில்லி ஆம்பியருக்கு மேல் கரண்ட் ஓடினால் அதைத் துரத்துங்கள்.

பழைய டீசல் பிக்கப்பில் ஆல்டர்னேட்டரைக் கழற்றுமுன் அதன் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். பல வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கான வேக்கம் பம்ப் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு என்ஜின் ஆயில் குழாய் வழியாக வரும். பம்ப்பின் சீல் கசிந்தால் ஆயில் உள்ளே இறங்கி கார்பனையும் ஸ்லிப் ரிங்கையும் நனைக்கும். கார்பனை மட்டும் மாற்றிவிட்டு சீலை விட்டுவிட்டால் வண்டி திரும்பி வரும். இன்னொரு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது: பெல்ட் அறுந்தாலோ, பம்ப்பின் ஹோஸைச் சரியாக மாட்டாவிட்டாலோ பிரேக் மிதி கல்லாகிவிடும். வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பிரேக்கை நாலைந்து முறை மிதித்துப் பார்க்காமல் வண்டியை வெளியே விடாதீர்கள். சரக்கோடு நான்கு வழிச் சாலையில் இறங்கப்போகும் வண்டி அது.

பாகம் மாற்றும்போது லூகாஸ் டி.வி.எஸ். போன்ற அசல் தயாரிப்பின் கட் அவுட், கார்பன் செட் வாங்குங்கள். பழையதன்மேல் இருக்கும் பாக எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள், “பிக்கப்புக்கு ஒண்ணு கொடுங்க” என்று கேட்டு வாங்காதீர்கள்.

செய்யும் வேலை நிற்க வேண்டும்

போஸ்டில் பூத்த வெள்ளையும் பச்சையும் போக, ஆப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்துப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். செல்லின் மூடி இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போனால் ஆசிட் கெடும். எர்த் பாயின்டில் பெயின்டையும் துருவையும் சுரண்டி வெள்ளி நிறம் தெரியும்வரை எடுத்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, பிறகு மேலே வாசலின் அல்லது கிரீஸ் தடவுங்கள். கிரீஸைத் தடவிவிட்டு இறுக்குபவர்கள் உண்டு, அது தலைகீழ்.

கேபிள் மாற்றுவதானால் அளவைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிளின் தடை ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 4.6 மில்லி ஓம், 10 சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1.8. இரண்டு மீட்டர் நீளத்தில் 50 ஆம்பியர் ஓடினால் முதலாவதில் 0.46 வோல்ட் போகும், இரண்டாவதில் 0.18. கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அலுமினியத்தின்மேல் தாமிரம் பூசிய கேபிளை வாங்காதீர்கள், சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். லக்கை சுத்தியலால் அடித்து நசுக்காமல் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்பு மட்டும் போதாது, டீசல் அதிர்வில் அதன் விளிம்பில் இழைகள் ஒடியும். பி பிளஸிலிருந்து பேட்டரிக்குக் கூடுதலாக இணைக் கேபிள் இழுத்தால் பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் வைத்தே இழுங்கள். ஃபியூஸ் இல்லாத பாசிட்டிவ் கேபிள் சேசிஸில் உரசினால் வண்டியே எரியும்.

நம் உதாரண வண்டியில் புதுப் பட்டை போட்டு பி பிளஸ் லக்கை மாற்றிய பிறகு அதே அளவுகளை மறுபடி எடுத்தால், பட்டையில் 0.04, பாசிட்டிவ் வழியில் 0.12, பேட்டரி போஸ்டில் 14.0 வோல்ட் கிடைக்கும். செலவு ஒரு பட்டை, ஒரு லக், உங்கள் நேரம். ஆல்டர்னேட்டர் கழற்றப்படவே இல்லை.

கூட மாட்டிய லோடையும் பேசித் தீர்க்க வேண்டும். லைட் மங்குகிறது என்று 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100 வாட் போடுவது இங்கே வழக்கம். கோளாறு வோல்ட்டில் இருக்கும்போது அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். ஹாலஜன் பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். வயரிங் இறக்கத்தைச் சரிசெய்தால் பழைய பல்பே பளிச்சென்று எரியும். எட்டு வருடத்தைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றை வருடா வருடம் எடுக்க வேண்டும், அங்கேயும் ஹெட்லைட்டைப் பார்ப்பார்கள் என்பதை அண்ணாச்சிக்கு நினைவுபடுத்துங்கள்.

அண்ணாச்சியிடம் பேசுவது

கோளாறைக் கண்டுபிடிக்கிற நேரத்துக்குக் கூலி கேட்கக் கூச்சப்படாதீர்கள். இந்தத் தொழிலில் இளையவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பாகம் மாற்றினால் பில் போட முடிகிறது, அளந்து பார்த்ததற்குப் பில் போட மனம் வருவதில்லை. அதனால்தான் தேவையில்லாத பாகங்கள் மாற்றப்படுகின்றன. வண்டி உள்ளே வந்ததுமே சொல்லிவிடுங்கள்: “அண்ணாச்சி, செக் பண்ண இவ்வளவு ஆகும். எங்க தப்புன்னு மீட்டர்ல உங்களுக்கே காட்டுறேன். அதுக்கப்புறம் என்ன மாத்தணும்னு முடிவு பண்ணலாம்.” பிறகு சொன்னபடியே அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பட்டையின் இரு முனையிலும் புரோபை வைத்து 0.70 என்று காட்டிவிட்டால் பேச்சே தேவைப்படாது. புதுப் பட்டை போட்ட பிறகு அதே இடத்தில் 0.04 காட்டுங்கள்.

அளவுகளை எழுதிய தாளில் தேதி, வண்டி எண், கிலோமீட்டர், வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று குறித்து ஒரு நகலை உரிமையாளரிடம் கொடுங்கள், ஒன்றை நீங்கள் வையுங்கள். அடுத்த வருடம் அதே வண்டி வரும்போது அந்தத் தாள் பாதி வேலையைச் செய்துவிடும். நான்கைந்து பிக்கப் வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட்காரர் ஆவணியிலேயே எல்லா வண்டியையும் உங்களிடம் அனுப்பி அளவெடுக்கச் சொல்வார். சீசன் நடுவில் வண்டி நின்றால் அவருக்கு ஆகும் நட்டத்தோடு ஒப்பிட்டால் உங்கள் கூலி பெரிதாகத் தெரியாது.

அரைகுறை சார்ஜில் பல மாதம் கிடந்த பேட்டரியை, கோளாறு தீர்ந்த பிறகு வெளிச் சார்ஜரில் மெதுவாக முழுதாக ஏற்றிக் கொடுங்கள். அந்த வேலையை ஆல்டர்னேட்டரின் தலையில் கட்டினால் அது சூடாகிக் கெடும். இரண்டு நாள் கழித்து டிரைவரைக் காலையில் செல்ஃப் அடிக்குமுன் வரச்சொல்லி ஓய்வு வோல்ட்டைப் பாருங்கள். 12.5-க்கு மேல் நின்றால் பேட்டரி தப்பித்தது. முழுதாக ஏற்றியும் 12.2-க்கு இறங்கி, எங்கும் கசிவும் இல்லை என்றால், அப்போதுதான் பேட்டரி மாற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை வருகிறது.

படிப்பும் அடுத்த படியும்

ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம், டீசல் மெக்கானிக் ஒரு வருடம். ஆட்டோ எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குக்குத் தனிப் பிரிவே உண்டு. மாவட்டத்திலேயே விருதுநகர் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எந்தப் பிரிவு எங்கே நடக்கிறது என்பதைச் சேர்க்கை நேரத்தில் நேரில் போய்க் கேளுங்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தொழில்நுட்ப மையங்களாகத் தரம் உயர்த்தியிருக்கிறார்கள், அருகில் எது என்று விசாரித்தால் புதிய கருவிகளில் கை வைக்க வாய்ப்புக் கிடைக்கும். படிப்பு முடிந்ததும் 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு வருடம், பிறகு தெருப் பட்டறை என்ற வரிசை நல்லது. அங்கே முறையையும் ஆவணத்தையும் கற்பீர்கள், இங்கே பழைய வண்டியைக் கற்பீர்கள்.

முதல் சம்பளத்தில் நல்ல மல்டிமீட்டர் வாங்குங்கள். அடுத்து டி.சி. கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர். ஏ.சி. மட்டும் அளக்கும் கிளாம்ப் மலிவாகக் கிடைக்கும், வண்டி வேலைக்கு அது உதவாது. பிறகு கிரிம்பிங் கருவி, ஹைட்ரோமீட்டர், நீளமான புரோப் வயர்.

இந்தக் கட்டுரையின் எண்களைப் பழைய வண்டிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் ஓடும்போதே 13-க்கு அருகில் இறங்கி நிற்பது அங்கே கோளாறு ஆகாது, ஸ்கேனரை மாட்டி அது கேட்கும் வோல்ட் எவ்வளவு என்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். குட்டி யானை என்னும் சிறு சரக்கு வண்டியின் மின்சார மாடலும் 2022-இல் வந்துவிட்டது. அதில் ஆல்டர்னேட்டர் இல்லை, பெரிய பேட்டரியிலிருந்து கன்வர்ட்டர் ஒன்று 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. அந்த 12 வோல்ட் பக்கத்தில் எர்த் பாயின்டும் லக்கும் அப்படியேதான் இருக்கின்றன, இறக்கம் அளக்கும் முறையும் அதுவேதான். ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் மட்டும், அதற்கான பயிற்சிச் சான்றிதழ் கையில் இல்லாமல் அந்தப் பக்கம் கையை நீட்டாதீர்கள்.